சுவரும் பேசும்: ரஸாவின் பாரிஸ் ஓவியங்களும் அவற்றை மாட்டும் விதமும்

2010 ஜூன் 10 அன்று லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு சதுர ஓவியம் 23,93,250 பவுண்டுக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 16 கோடி ரூபாய். அதுவரை ஏலத்துக்கு வந்த நவீன இந்திய ஓவியம் எதுவும் அந்த விலையைத் தொட்டதில்லை. ஓவியத்தின் பெயர் 'சௌராஷ்ட்ரா'. 1983இல் அதை வரைந்தவர் சையத் ஹைதர் ரஸா. மத்தியப் பிரதேசத்துக் காட்டில் பிறந்து, 1950 முதல் பிரான்சில் வாழ்ந்தவர். வாங்கியவர் கிரண் நாடார். அவர் தம் பெயரில் அருங்காட்சியகம் தொடங்கிய ஆண்டும் அதுதான்.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே தூத்துக்குடி நெடுஞ்சாலையில் இருக்கும் பந்தல்குடி போன்ற ஊர்களுக்கு இப்படிப்பட்ட ஓவியம் வந்து சேரும் வழி ஒன்றுதான்: செய்தித்தாளில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம், அதற்கு மேல் கொட்டை எழுத்தில் விலை. இரண்டு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் கொண்ட அக்ரிலிக் ஓவியம் என்ற விவரம் கடைசி வரியில் வந்தால் உண்டு. ஓவியம் தெரிவதற்கு முன்பே விலை தெரிந்துவிடுகிறது. 'இதுக்குப் போயா இவ்வளவு?' என்ற கேள்வியோடு பக்கம் புரண்டுவிடும். வாசகரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. செய்தித்தாள் அந்த ஓவியத்தை அப்படித்தான் காட்சிக்கு வைத்தது, வைத்தபடி அவர் பார்த்தார்.

உருவம் இல்லாத ஓவியத்துக்கு அதை மாட்டும் இடமே பாதிப் பொருளைத் தருகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பாரிஸின் அரூப ஓவியத்தில் நம்மவர் பங்கு என்று தேடினால் முதலில் நிற்பவர் ரஸா. அவருடைய ஓவியங்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வெவ்வேறு சுவர்களில் வெவ்வேறு பொருளோடு தொங்கியிருக்கின்றன. அந்தச் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், கரிசல் காட்டுக்காரர் ஒருவர் அந்த ஓவியத்தின் முன் நிற்க என்ன தேவை, என்ன தேவையில்லை என்பது தெளிவாகும்.

மேல் எது, கீழ் எது

திருச்சுழிக் கோயில் தூணில் உள்ள சிற்பத்தை யாரும் தலைகீழாக நிறுத்திவிட முடியாது. கால் எது தலை எது என்பதை உருவமே சொல்லிவிடும். அது எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும், அதைச் சுற்றி எந்தப் பக்கமாக நடக்க வேண்டும் என்பதெல்லாம் வழிவழியாகத் தீர்மானமானவை. உருவத்தை விட்டுவிட்ட ஓவியத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

1961 இறுதியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அன்ரி மத்தீஸ் காகிதம் வெட்டி ஒட்டிச் செய்த 'படகு' 47 நாட்கள் தலைகீழாகத் தொங்கியது. பார்வையாளர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் திருத்தினார்கள். அதிலாவது ஒரு படகும் நீரில் அதன் பிம்பமும் இருந்தன. பியத் மோந்த்ரியான் 1941இல் வண்ண ஒட்டுநாடாக்களால் உருவாக்கிய 'நியூயார்க் சிட்டி 1' கதை இன்னும் கடினமானது. ஜெர்மனியில் ட்யூசல்டார்ஃப் அருங்காட்சியகத்தில் 1980 முதல் தொங்கிவந்த அந்தப் படைப்பு தலைகீழாக இருக்கிறது என்று 2022இல் அங்குள்ள காட்சிப் பொறுப்பாளர் சூசன்ன மையர்-ப்யூசர் வாதிட்டார். ஆனால் திருப்பி மாட்டவில்லை. பழைய நாடாக்கள் பிரிந்து விழுந்துவிடும் என்ற அச்சம் ஒரு காரணம். இத்தனை ஆண்டுகள் உலகம் அதை அப்படியே பார்த்துப் பழகிவிட்டது என்பது இன்னொன்று.

ஓர் அரூப ஓவியம் நம் கண்ணுக்கு வருவதற்கு முன் யாரோ சில முடிவுகளை எடுத்திருக்கிறார்கள். மேல் எது, எந்த உயரம், எவ்வளவு வெளிச்சம், பக்கத்தில் யாருடைய படம், பெயர்ச்சீட்டில் என்ன வாசகம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் கண்காட்சிகளில் தரையிலிருந்து கூரைவரை சட்டகத்தோடு சட்டகம் ஒட்டி நிரப்பினார்கள். இருபதாம் நூற்றாண்டில் வெள்ளைச் சுவர், இடைவெளி விட்டு ஒரே வரிசை, கண்மட்டத்தில் நடுப்புள்ளி என்று முறை மாறியது. இந்த வெள்ளை அறை நடுநிலையானதல்ல, வெளியுலகத்தை மறக்கச் செய்து பொருளைப் புனிதமாக்கும் ஏற்பாடு என்று கலை விமர்சகர் பிரையன் ஓ'டோஹர்ட்டி 1976இல் எழுதிய கட்டுரைகள் இன்றும் இந்தப் பேச்சின் தொடக்கப்புள்ளி. நம் ஊர்களில் அருங்காட்சியகம் என்றாலே செருப்புச் சத்தம் எழாமல் நடக்கத் தோன்றுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

பாரிஸின் சுவரில்

ரஸா 1922 பிப்ரவரி 22 அன்று மண்ட்லா மாவட்டத்துப் பாபரியாவில் பிறந்தார். தந்தை வனத்துறை ஊழியர். நாக்பூரிலும் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியிலும் படித்தார். 1947இல் சூஸா, ஆரா, ஹுசைன், காடே, பாக்ரே ஆகியோருடன் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கினார். 1948இல் காஷ்மீரில் அவரைச் சந்தித்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் அன்ரி கார்த்தியே-ப்ரெஸோன், படங்களில் திறமை இருக்கிறது, கட்டுமானம் போதவில்லை, ஓவியர் செசானைப் பார் என்று சொல்லியனுப்பினார். பிரெஞ்சு அரசின் உதவித்தொகை கிடைத்து 1950இல் ரஸா பாரிஸ் போய்ச் சேர்ந்தார். மூன்றாண்டு அங்குள்ள நுண்கலைப் பள்ளியில் படித்தார்.

போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள். ஆக்கிரமிப்பிலிருந்து மீண்ட நகரம் தன்னை மறுபடி உலகக் கலைத் தலைநகராக நிறுத்திக்கொள்ள முயன்ற காலம். அங்கே 'பாரிஸ் பள்ளி' என்ற பெயரில் திரண்ட அரூப ஓவியர்களின் பிறப்பிடங்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஹான்ஸ் ஹார்ட்டுங் ஜெர்மானியர். செர்ஜ் போலியகோஃப், நிகொலா த ஸ்தால் இருவரும் ரஷ்யர்கள். வியேரா த சில்வா போர்ச்சுக்கல்காரர். 1948இல் வந்து சேர்ந்த ஜாவோ வூ-கி சீனர். பிரெஞ்சு அரூப ஓவியம் என்று உலகம் சொன்னதில் பெரும்பங்கு வந்தேறிகளின் உழைப்பு. ரஸா போய் நின்றது அந்த வரிசையில்.

1956இல் பாரிஸ் விமர்சகர்கள் தரும் விருது அவருக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. அக்காலத்தில் லாரா வென்சி காட்சிக்கூடம் அவர் ஓவியங்களைக் காட்டிவந்தது. தென்பிரான்சின் வீடுகளும் தேவாலயக் கோபுரங்களும் கறுத்த வானமும் அடர்ந்த எண்ணெய் வண்ணத்தில் உருகி ஒன்றோடொன்று கலந்த படங்கள் அவை. சுற்றியிருந்த படங்கள் பாரிஸ் பள்ளியினுடையவை. ஆகவே பார்த்தவர்களுக்கு அவையும் பாரிஸ் பள்ளிப் படங்களே. அவற்றில் எரியும் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் தேவை அந்தச் சுவருக்கு இருக்கவில்லை.

1962இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப் போனபோது ரஸா அமெரிக்க ஓவியத்தை நேரில் பார்த்தார். மார்க் ராத்கோவின் வண்ணப் பரப்புகள் அவரை ஆழமாகத் தொட்டன. ராத்கோ, படத்தின் முன் ஒன்றரை அடித் தொலைவில் பார்வையாளர் நிற்க வேண்டும் என்றும், வெளிச்சம் மங்கலாக இருக்க வேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தவர். தான் வரைந்ததைப் பிறர் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதும் வரைதலின் பகுதி என்று நினைத்த தலைமுறை அது. அதற்குப் பிறகு ரஸா மெல்ல எண்ணெய் வண்ணத்திலிருந்து அக்ரிலிக்குக்கு மாறினார். அது சீக்கிரம் உலரும். கை வேகமாகப் போகும். எழுபதுகளில் அவர் வரைந்த 'பூமி' வரிசை, ராஜஸ்தான் பெயர் தாங்கிய படங்கள், ராகமாலை மரபை நினைவூட்டும் படங்கள் எல்லாம் இந்தக் கையிலிருந்து வந்தவை. பாரிஸ் பட்டறையில் பிறந்தவை என்றாலும் அவற்றின் வெயில் பாரிஸின் வெயில் இல்லை.

கம்பியில் தொங்கிய கறுப்பு

காட்சிப்படுத்தலை ஓவியத்தின் உறுப்பாகவே ஆக்கியவர் என்று அந்தப் பாரிஸில் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் பியேர் சூலாஜைச் சொல்ல வேண்டும். 1919இல் ரொதேஸ் நகரில் பிறந்து 2022இல், 102 வயதில், மறைந்தவர். வால்நட் மரச் சாயத்தையும் உடைந்த கண்ணாடிமேல் தாரையும் கொண்டு தொடங்கியவர். கடையில் விற்கும் சுவர்ப்பூச்சு மட்டைகளே அவருக்குப் போதுமாக இருந்தன. தம் படங்களுக்குப் பெயர் வைக்க மறுத்தார். 'ஓவியம்', பிறகு உயரம், அகலம், வரைந்த தேதி. அவ்வளவுதான் பெயர்ச்சீட்டு.

1966இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய கண்காட்சி நடந்தது. மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த மண்டபம். உயரமான கூரை, அகன்ற கண்ணாடி. படங்களைச் சுவரில் மாட்டாமல் மண்டபத்தின் நடுவே கம்பிகளில் தொங்கவிட்டார்கள். சுவர் என்பதே பின்னணியிலிருந்து நீங்கிவிட்டது. படம் ஒரு சன்னல்போல அப்பால் எதையோ காட்டுகிறது என்ற பழைய நினைப்பும் அதோடு போயிற்று. எதிரே நிற்கும் ஆளைப்போல அது தரைக்கும் கூரைக்கும் நடுவே நின்றது. பின்னாளில் அவர் பல பலகைகளை இணைத்துச் செய்த பெரிய ஓவியங்களையும் இப்படி இரும்புக் கம்பியில் இழுத்துக் கட்டி நிறுத்தும் வழக்கம் தொடர்ந்தது.

1979இல் அவருடைய வேலை திரும்பியது. கித்தான் முழுக்கக் கறுப்பு. வேறு நிறம் இல்லை. ஆனால் அந்தக் கறுப்பை அவர் மட்டையாலும் தகட்டாலும் சில இடத்தில் கோடுகோடாகச் சீவினார், சில இடத்தில் மழமழவென்று இழுத்துவிட்டார். கோடு விழுந்த இடத்தில் ஒளி ஒருவிதமாகத் தெறித்தது, மழமழப்பான இடத்தில் வேறுவிதமாக. பார்ப்பவர் இரண்டடி நகர்ந்தால் கறுத்த இடம் வெள்ளியாகி, வெள்ளி இடம் கறுத்துப்போகும். பாரிஸ் பொம்பிது மையத்தின் தொகுப்பில் உள்ள 1985ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்று 324 செ.மீ. உயரம், 362 செ.மீ. அகலம். 81 செ.மீ. உயரமுள்ள நான்கு நீண்ட பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அதை ஒரு புகைப்படத்தில் பார்த்தேன் என்று சொல்வதில் பொருளில்லை. எந்தப் புகைப்படமும் அதன் ஒரு கணத்தை மட்டுமே பிடிக்கும்.

பந்தல்குடிச் சுற்றுவட்டாரத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் குறைவு. புரட்டாசியில் மழையை எதிர்பார்த்து உழுதுபோட்ட கரிசல் காட்டைக் காலையில் கிழக்கேயிருந்து பார்த்தால் ஒரு நிறம், அதே காட்டை மேற்கே போய் நின்று பார்த்தால் வேறு நிறம். உழவுசாலின் ஒரு சரிவு வெயிலை வாங்கி மினுங்கும், மறுசரிவு மையிருட்டாகக் கிடக்கும். மண் ஒன்றுதான், கலப்பை திருப்பிய கோணமும் பார்ப்பவர் நிற்கும் இடமும் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. கறுப்பு என்பது ஒரு நிறம் இல்லை, வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தரும் பரப்பு என்று சூலாஜ் அறுபது வயதில் கண்டுகொண்டது, உழவுத் தொழிலில் உள்ள கண்ணுக்கு அன்றாட அறிவு. ஆனால் அந்த அறிவைக் கொண்டு ஓவியத்தைப் பார்க்கலாம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. பெயர்ச்சீட்டில் தத்துவம் எழுதியிருந்தால் அந்த அறிவு வாயை மூடிக்கொள்ளும். அளவும் தேதியும் மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பேச இடம் கிடைக்கும்.

சூலாஜின் நூறாவது பிறந்தநாளையொட்டி 2019 டிசம்பரில் லூவ்ர் அருங்காட்சியகம் அவருக்குக் கண்காட்சி நடத்தியது. நடந்த இடம் 'சதுர மண்டபம்'. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சிகள் சுவரை நிரப்பிப் படம் மாட்டி நடந்த அதே அறை. அங்கே இப்போது சில கறுப்புப் பரப்புகள், நிறைய வெற்றிடம். ஓர் அறையின் இரு காட்சிமுறைகளுக்கு நடுவே ஓவியத்தைப் பற்றிய எண்ணம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அறையே காட்டியது.

பிந்துவும் பெயர்ச்சீட்டும்

ரஸாவுக்குத் திரும்புவோம். எழுபதுகளின் இறுதியில் அவர் படங்களில் ஒரு கரிய வட்டம் நிலைகொண்டது. 1980 முதல் அதுவே அவர் அடையாளமாயிற்று. பிந்து. அதன் தோற்றத்தைப் பற்றி அவரே பலமுறை ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறார். பள்ளியில் கவனம் சிதறிய சிறுவனான அவரை ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாராம். பின்னாளில் இதை ஆன்மிக அனுபவமாக எழுதியவர்களே அதிகம். நம் விஷயத்துக்கு அதில் வேறொன்று முக்கியம்: அது ஒரு சுவர், அதில் ஒரு குறி, அதைப் பார்ப்பதற்கான ஓர் உத்தரவு. ரஸாவின் வாழ்க்கையில் முதல் அரூபப் படம் காட்சிக்கு வைக்கப்பட்ட முறை அது. பார்ப்பதைத் தவிர அங்கே வேறு விளக்கம் இல்லை.

இந்தியச் சுவர்களில் அந்த வட்டத்தின் அருகே விளக்கங்கள் குவிந்தன. தாந்திரிகம், பஞ்சபூதம், படைப்பின் மூலம். தவறென்று சொல்ல முடியாது, ரஸாவே இவற்றைப் பேசியவர். 1981இல் வரைந்த 'மா'வில் அசோக் வாஜ்பேயியின் ஹிந்திக் கவிதை வரியைத் தேவநாகரியில் எழுதிச் சேர்த்தார். ஆனால் விளக்கம் படத்தைவிட முன்னால் போய் நின்றதும், வட்டம் தெரிந்தால் ரஸா, தெரியாவிட்டால் ரஸா இல்லை என்ற கணக்கு சந்தையில் வந்துவிட்டது. பிந்துவுக்கு முந்தைய முப்பதாண்டு உழைப்பு பின்னுக்குப் போயிற்று. எளிதில் அடையாளம் தெரிவது எளிதில் போலியும் ஆகும். ஆனால் போலிகள் பிந்துவோடு நிற்கவில்லை. 2009 ஜனவரியில் டெல்லிக் காட்சிக்கூடம் ஒன்றில் தம் இளமைக்கால ஓவியங்களின் கண்காட்சிக்கு நேரில் போன ரஸா, அங்கே மாட்டியிருந்தவற்றில் பல தம்முடையவை அல்ல என்று சொல்ல வேண்டிவந்தது. ஓவியத்துக்கு ஓவியரே நேரில் வந்து சாட்சி சொல்ல நேர்ந்தது.

வேறு மாதிரியும் காட்டலாம் என்று நிறுவிய இடம் ஒன்று ரஸாவின் மாநிலத்திலேயே இருக்கிறது. 1982இல் போபாலில் சார்லஸ் கொரேயாவின் வடிவமைப்பில் திறக்கப்பட்ட பாரத் பவன். அதன் ரூபாங்கர் கலைப்பிரிவை ஏற்ற ஓவியர் ஜே. சுவாமிநாதன், நகரத்து நவீன ஓவியத்தையும் ஆதிவாசி ஓவியத்தையும் ஒரே கூரையின்கீழ், ஏற்றத்தாழ்வு இல்லாமல் வைத்தார். அவருடைய குழு கண்டெடுத்த இளைஞர் ஜங்கர் சிங் ஷியாம், பர்தான் கோண்டு இனத்தவர். அவருடைய பாட்டன்கட் கிராமம் அன்றைய மண்ட்லா மாவட்டத்தில், அதாவது ரஸா பிறந்த மாவட்டத்தில் இருந்தது. 1989இல் ஜங்கரின் படங்கள் பாரிஸ் பொம்பிது மையத்தின் 'மண்ணின் மந்திரவாதிகள்' கண்காட்சிக்குப் போயின. ஒரே காட்டுப்பகுதியிலிருந்து இருவர் பாரிஸ் சுவரை அடைந்தார்கள். ஒருவர் உதவித்தொகையில் போய்ப் பாரிஸ் பள்ளி ஓவியரானார். இன்னொருவர் ஆதிவாசிக் கலைஞர் என்ற சீட்டோடு போனார். புள்ளியும் மண்ணின் நிறங்களும் இருவருக்கும் பொது. பிரித்தது பெயர்ச்சீட்டு.

'சௌராஷ்ட்ரா'வைப் பார்ப்பது

இனி அந்தச் சதுர ஓவியம். அதன் பரப்பு செவ்வகங்களாகவும் பட்டைகளாகவும் பிரிந்திருக்கிறது. ராஜபுத்திரச் சிற்றோவியங்களில் காட்சியைச் சுற்றி வரும் கரைகளை ரஸா விரும்பினார். அந்தக் கரை இங்கே பெருத்து, காட்சிக்குப் பதிலாகத் தானே காட்சியாகிவிட்டது. சிவப்பு, காவி, செம்மஞ்சள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கறுப்பு. பெயர்ச்சீட்டைப் படிக்கும் மதுரை, பரமக்குடிப் பக்கத்து வாசகருக்கு முதலில் நெசவாளர் சமூகம் ஞாபகம் வரும். ஆனால் ரஸா குறித்தது குஜராத்தின் தீபகற்பத்தை. அங்கேயும் பருத்தி விளையும் கரிசல் மண் உண்டு, வானம் பார்த்த விவசாயம் உண்டு. படத்தில் வயலும் இல்லை, வரப்பும் இல்லை. வறண்ட நாட்டின் வெப்பத்தை நிறங்களுக்கு இடையேயான அழுத்தமாக மாற்றிய கணக்கு மட்டும் இருக்கிறது. பெயர் ஒரு திசையைக் காட்டலாம். அங்கே போய்ச் சேர்க்க அதனால் முடியாது.

இப்படத்தைச் சுவரில் மாட்டும்போது எடுக்க வேண்டிய முடிவுகளைப் பார்ப்போம். அருங்காட்சியக வழக்கப்படி நடுப்புள்ளியைத் தரையிலிருந்து ஏறத்தாழ 150 செ.மீ. உயரத்தில் வைத்தால், இரண்டு மீட்டர்ப் படத்தின் கீழ்விளிம்பு முழங்கால் உயரத்துக்கு வரும், மேல்விளிம்பு தலைக்கு மேலே போகும். அப்போது பார்வையாளர் படத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் பொருளாக நினைக்க முடியாது. அது அவர் உடம்பைவிடப் பெரியது. செய்தித்தாள் படத்தில் இந்த உறவு முற்றிலும் காணாமல் போகிறது. அங்கே அது கைக்குட்டைபோல மடங்கிவிடுகிறது.

அடுத்தது வெளிச்சம். அக்ரிலிக், எண்ணெய் வண்ணப் படங்களுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு சுமார் 200 லக்ஸ். நிறம் மங்காமல் காக்க அது தேவை. நடுப்பகலில் நேர் வெயிலின் அளவு ஒரு லட்சம் லக்ஸ். சௌராஷ்ட்ராவின் வெயிலும் சரி, திருச்சுழியின் வெயிலும் சரி, படம் தொங்கும் அறையைப்போல ஐந்நூறு மடங்கு. ஆக ரஸா செய்திருப்பது வெயிலைக் காட்டுவதல்ல. ஐந்நூறில் ஒரு பங்கு வெளிச்சத்தில் நின்றும் வெயிலை உணரச் செய்யும்படி ஒரு சிவப்பை இன்னொரு சிவப்பின் பக்கத்தில் வைப்பது. அந்த உழைப்பைப் புரிந்துகொள்ள வெயில் தெரிந்த கண் வேண்டும். அது டெல்லியைவிட இங்கே அதிகம்.

இந்தப் படத்தை வாங்கிய அருங்காட்சியகத்துக்கும் தென்தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிரண் நாடாரின் கணவர் ஷிவ் நாடார் திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழி கிராமத்தில் பிறந்தவர். பந்தல்குடி வழியாகப் போகும் அதே சாலை முடியும் தூத்துக்குடி மாவட்டம் அது. அருங்காட்சியகம் நொய்டாவில் தொடங்கியது. 2011இல் டெல்லியின் சாகேத் பகுதியில் பேரங்காடி ஒன்றினுள் தன் பெரிய கூடத்தைத் திறந்தது. கடைக்குப் போகிறவர் கால் போன போக்கில் உள்ளே நுழையலாம் என்பது அதன் நன்மை. வாங்கும் மனநிலையோடு நுழைகிறார் என்பது அதன் ஆபத்து.

ரஸா 2010 இறுதியில் இந்தியாவுக்குத் திரும்பினார். 2016 ஜூலை 23 அன்று டெல்லியில் மறைந்தார். மண்ட்லாவில் அடக்கம் செய்யப்பட்டார். 2023 பிப்ரவரி முதல் மே வரை பொம்பிது மையம் அவருக்கு விரிவான கண்காட்சி நடத்தியது. கேத்தரீன் தாவீத், தியான் தூபேர் இருவரும் அதை அமைத்தார்கள். ஏறத்தாழ நூறு படைப்புகள். பம்பாய்க் காலம், காஷ்மீர், தென்பிரான்சு ஊர்கள், எழுபதுகளின் பூமி, பிந்து எல்லாம் தொடர்ச்சியாக. அறுபது ஆண்டுகளுக்கு முன் அவரைத் தன்னவராகச் சேர்த்துக்கொண்டு பிறகு மறந்த நகரம், இந்த முறை இந்தியரும் பாரிஸ்காரருமான ஒருவரை ஒரே வாழ்க்கையாகப் பார்த்தது. அதே ஆண்டு மும்பை ஏலத்தில் 'ஜெஸ்டேஷன்' என்ற அவருடைய 1989ஆம் ஆண்டு ஓவியம் 51.75 கோடி ரூபாய்க்குப் போனது. நம் செய்தித்தாள்களில் இடம்பிடித்தது இரண்டாவது செய்தி.

சென்னையிலிருந்து பாரிஸுக்கு

தமிழ்நாட்டிலிருந்தும் இதே பாதையில் போனவர்கள் உண்டு. சென்னை அரசு கலைப்பள்ளியின் கே.சி.எஸ். பணிக்கர் 1954இல் ஐரோப்பா போய் பாரிஸ், லில் நகரங்களில் கண்காட்சி நடத்தினார். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை, எழுத்துப்போலத் தோன்றும், ஆனால் படிக்க முடியாத கோடுகளால் நிறைந்தது. அவருடைய மாணவர்களில் அக்கித்தம் நாராயணன் 1967இலும், வேலு விஸ்வநாதன் 1968இலும் பாரிஸ் சென்று தங்கினார்கள். இருவரும் கேரளத்தில் பிறந்து சென்னையில் உருவானவர்கள். இருவரின் அரூபத்திலும் முக்கோணமும் சதுரமும் கேரளத்துத் தரை ஓவியமான களமெழுத்தின் ஒழுங்கும் பாரிஸின் வண்ணப் பயிற்சியும் கலந்திருக்கின்றன.

பணிக்கரின் தலைமையில் 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமம், காட்சிப்படுத்தலைப் பற்றி ஒரு முக்கியமான விடையைத் தந்தது. ஓவியர்கள் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று நிலம் வாங்கினார்கள். வாழும் இடத்திலேயே காட்டினார்கள். 2009இல் அங்கே நவீனக் கலைக்கான அருங்காட்சியகமும் திறந்தது. ஓவியத்தை வரைந்தவரின் வீட்டுக்கும் அது தொங்கும் சுவருக்கும் நடுவே ஏல நிறுவனம் இல்லாத ஏற்பாடு அது. ஆனால் அதுவும் பந்தல்குடியிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

மாவட்டத்துக்கு ஒரு சுவர்

விருதுநகரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மாவட்ட அருங்காட்சியகங்களின் வழக்கமான பொருட்கள் முதுமக்கள் தாழி, கற்சிலை, நாணயம், பாறை மாதிரி. இவற்றோடு நவீன ஓவியத்தைச் சுழற்சி முறையில் கொண்டுவருவதற்குத் தடையாக இருப்பது பணம் மட்டுமல்ல. இந்தப் பக்கத்து மக்களுக்கு அது புரியாது என்ற முன்முடிவும்தான். மேலே பார்த்த உதாரணங்கள் அந்த முன்முடிவுக்கு எதிரானவை. புரியாமையின் பெரும்பகுதி படத்தில் இல்லை. மூன்று அங்குலப் படத்திலும், விலையை முதலில் சொல்லும் தலைப்பிலும், தத்துவத்தை முதலில் சொல்லும் பெயர்ச்சீட்டிலும் இருக்கிறது.

மூல ஓவியத்தை உடனே கொண்டுவர முடியாது. காப்பீடு, ஈரப்பதக் கட்டுப்பாடு, பாதுகாப்பு எல்லாம் வேண்டும். ஆனால் உரிமம் பெற்று முழு அளவில் அச்சிட்ட நகலை, நகல் என்று தெளிவாக எழுதி, முழங்கால் உயரத்தில் தொடங்கும்படி ஒரு பள்ளிச் சுவரில் மாட்ட முடியும். சூலாஜைப்போல வண்ணத்தின் தடிமனே பொருளாக உள்ள படங்களுக்கு இது உதவாது. ரஸாவைப்போல நிறங்களின் உறவும் அளவும் முதன்மையான படங்களுக்குப் பெரும்பங்கு உதவும். பெயர்ச்சீட்டில் ஐந்து தகவல் போதும்: வரைந்தவர், ஆண்டு, ஊடகம், அளவு, வரைந்த ஊர். அருகில் அதே மாவட்டத்து மண்ணை வரைந்த ஒருவரின் படம் இருந்தால், எது உள்ளூர் எது உலகம் என்ற வரிசையும் குலையும். போபாலில் சுவாமிநாதன் செய்து காட்டியதும் அதுவே.

அப்படி ஒரு சுவரின் முன் நின்று பார்த்துவிட்டு ஒருவர் 'பிடிக்கவில்லை' என்று சொன்னால் அது கலை விமர்சனம், மதிக்க வேண்டியது. இன்றைய நிலையில் நாம் கேட்பது அது அல்ல. 'நமக்கெல்லாம் இது புரியாது' என்பதையே கேட்கிறோம். அது விமர்சனம் இல்லை, பார்க்கும் வாய்ப்பே கிடைக்காதவரின் சாட்சியம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஓவியர்கள் அல்ல, சுவர்களைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர்கள்.